சக்கையோடு ஒரு டம்ளர்

2025 ஏப்ரல் 27, ஞாயிறு. தண்டையார்பேட்டை

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அத்தைக்கு வயிறு இறுகிவிட்டது. இந்த மாத்திரை பலருக்கும் செய்கிற வேலைதான் இது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினார். தண்ணீர் நிறையக் குடிக்கணும், பழம் சாப்பிடணும், நடக்கணும் என்றும் சொன்னார். மூன்றில் பழத்தை மட்டும் அத்தை எடுத்துக்கொண்டார். அதிலும் ஒரு நிபந்தனை: கடைவாய்ப் பல் போய்விட்டதால் கடித்துத் தின்ன முடியாது. "ஜூஸா போட்டுக் குடும்மா, குடிச்சுக்கறேன்."

சரி, பையனுக்கும் லீவு விட்டாச்சு. இந்தக் கோடையில் மிக்ஸிக்குத்தான் வேலை. எந்தப் பழம் வயிற்றுக்கு என்ன செய்கிறது என்று இங்கேயே எழுதி வைக்கிறேன்.

கல்மண்டபம் மார்க்கெட்டில் பப்பாளியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கார அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, தபேலாவா வாசிக்கிற? காம்பாண்ட அமுக்கிப் பாரு, லேசா உள்ள போச்சுன்னா இன்னிக்கே சாப்டலாம்." அந்தக் கணக்கில் ஒன்றும், நாளை மறுநாளைக்கு இன்னொன்றும் வாங்கினேன். நீளமாக, உள்ளே சிவப்பாக இருக்கும் ரெட் லேடி. நாட்டுப் பப்பாளி இப்போதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பப்பாளி செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லாத ஆள் இல்லை. ஏன் என்று கேட்டால் உடனே பப்பைன் என்பார்கள். பப்பைன் இருப்பது நிஜம்தான். ஆனால் அது இருப்பது பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில். புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிற நொதி அது. முற்றின ஆட்டுக்கறியில் பப்பாளிக்காயை அரைத்துப் பிசறி ஊற வைப்பது அதனால்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இந்தப் பாலை எடுப்பதற்காகவே பெயர் வாங்கியவை.

காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். நன்றாகக் கனிந்து, ஸ்பூன் வைத்தாலே வழுக்கிக்கொண்டு வருகிற பழத்தில் பப்பைன் சொற்பம். அதோடு, அத்தை சாப்பிட்ட மீன் செரிக்காமலா நிற்கிறது? குடலில் நகர மாட்டேன் என்கிறது, அதுதான் தொந்தரவு. அதற்குக் கனிந்த பப்பாளி உதவுவது அதிலுள்ள நார்ச்சத்தாலும் தண்ணீராலும்தான். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் இவர், "அப்ப பப்பைன்னு சொல்றதெல்லாம் பொய்யா?" என்று கேட்டார். பொய்யில்லை, வேலையை வேறு ஆள் செய்கிறார், பெயரைப் பப்பைன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு கை அளவு துண்டுகள், அரை டம்ளர் கேன் தண்ணீர், நாலு சொட்டு எலுமிச்சை. மிக்ஸியில் ஒரே சுற்று. சர்க்கரை இல்லை, வடிகட்டவும் இல்லை. கூழாகத்தான் இருக்கும். அத்தை, "இது ஜூஸா, கூழா?" என்று கேட்டுவிட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

நேரத்தையும் மாற்றினேன். அவர் மாலை நான்கு மணிக்குத்தான் ஜூஸ் கேட்பார். இப்போது காலை இட்லியோடு கொடுக்கிறேன். வயிற்றுக்குள் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானாகவே ஒரு அசைவு அசையும், காலையில் அது நன்றாகவே இருக்கும். டிபன் முடித்துப் பத்து இருபது நிமிடத்தில் பாத்ரூம் பக்கம் போய் உட்காரும் பழக்கம் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த நேரத்தில்தான் அத்தைக்கு சீரியலின் மறுஒளிபரப்பு. அதற்கு எந்தப் பழத்தில் மருந்து இருக்கிறது என்று தெரியவில்லை.

மே 1, வியாழன்

எல்லோருக்கும் லீவு. பையன் அன்னாசி மில்க் ஷேக் வேண்டும் என்றான். பச்சை அன்னாசியை, அதாவது வேகவைக்காததை, பாலில் போடாதே, கசக்கும் என்றேன். நம்பவில்லை. சரி, நீயே செய்து பார் என்று இரண்டு டம்ளரில் பாலை ஊற்றிக் கொடுத்தேன்.

ஒன்றில் அப்படியே அரைத்த அன்னாசி. இன்னொன்றில் கொதிக்க வைத்து ஆற வைத்த அன்னாசி. கலந்தவுடன் இரண்டுமே ருசியாகத்தான் இருந்தன. அரை மணி கழித்துப் பார்த்தால் முதல் டம்ளரில் பால் திரிதிரியாகப் பிரிந்து, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. பையன் ஒரு வாய் வைத்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினான். வேகவைத்ததும் புளிப்பில் லேசாகத் திரிந்துதான் இருந்தது, ஆனால் கசப்பே இல்லை.

அன்னாசியில் உள்ள புரோமெலைன் பப்பைனுக்குப் பங்காளி. பாலில் உள்ள புரதத்தை வெட்டி, கசக்கிற சின்னத் துண்டுகளாக ஆக்கிவிடுகிறது. கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும். டின்னில் வரும் அன்னாசி இந்த வேலை செய்யாததும் அதனால்தான், அது ஏற்கெனவே சூடு பட்டது. நிறைய அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதிலும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. சதையைவிடத் தண்டில் இது அதிகம். நடுத்தண்டைத் தூக்கிப் போடாமல் பொடியாக நறுக்கி மிக்ஸியில் சேர்த்துவிடலாம், நாரும் கிடைக்கும்.

பக்கத்து போர்ஷன் பாத்திமா அக்கா நோன்பு மாதத்தில் செய்கிற கடல்பாசி என்கிற ஜெல்லி இனிப்பில் பச்சை அன்னாசியைப் போட்டாலும் ஏன் உறைகிறது என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. கடல்பாசி புரதம் இல்லை, அதை வெட்ட இந்த நொதியால் ஆகாது. ஜெலட்டின் புரதம், அதில் போட்டால் உறையவே உறையாது.

அத்தைக்கு அன்னாசி ஜூஸ் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை டம்ளர் மட்டும். வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கே நெஞ்சு எரிகிறது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. மொட்டை மாடியில் வடகம் போட நல்ல நாள், மற்ற எதற்கும் இல்லை. துறைமுகம் பக்கமிருந்து வரும் கடல்காற்றும் மூன்று மணிக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது.

கொய்யா வாங்கினேன். சீசன் இல்லாததால் கூறு சின்னதாகிவிட்டது, விலை மட்டும் பெரிசு. ஆனாலும் வயிறு இறுக்கத்துக்கு என் ஓட்டு கொய்யாவுக்குத்தான். நூறு கிராமில் 5 கிராமுக்கு மேல் நார். வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. தர்பூசணியில் பெரும்பாலும் தண்ணீர்தான், நார் அரை கிராம்கூடத் தேறாது. வெயிலுக்குத் தர்பூசணி நல்லது. மலச்சிக்கலுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது.

கொய்யாவை மிக்ஸியில் ஓட விட்டுவிடக் கூடாது. விதை உடைந்தால் ஜூஸ் மணல் மணலாக இருக்கும். நாலாக வெட்டி, தண்ணீர் ஊற்றி, விப்பரில் இரண்டு மூன்று தட்டு தட்டினால் சதை கரைந்துவிடும், விதை முழுசாக நிற்கும். பிறகு பெரிய ஓட்டை வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்கணும். டீ வடிகட்டி கூடவே கூடாது. இன்று இவர் உதவி செய்கிறேன் என்று டீ வடிகட்டியை எடுத்தார். கீழே பளபளவென்று இளஞ்சிவப்புத் தண்ணீர், மேலே ஒரு கைப்பிடி சக்கை. அந்தச் சக்கைக்காகத்தானே கொய்யாவே வாங்கினோம்! அதைத் திருப்பி டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டேன்.

இந்த ஜூஸ் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். கடையிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி, ஜூஸ் என்றால் தெளிவாக, ஸ்ட்ராவில் சிக்காமல் ஏற வேண்டும் என்று பழகிவிட்டோம். அப்படி வடித்தெடுத்தால் மிஞ்சுவது சர்க்கரையும் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரைக்கு வரம்பு சொன்னபோது, நாம் டீயில் போடுகிற சர்க்கரையோடு பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரையையும் சேர்த்தேதான் கணக்கு வைத்தது. பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள். முழுப் பழத்தில் இருப்பது அந்தக் கணக்கில் வராது. அதே நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்றது. வடித்த ஜூஸ் குடித்தால் எது குறையணுமோ அது ஏறுகிறது, எது ஏறணுமோ அது குப்பைக் கூடைக்குப் போகிறது.

இதில் இவர் பெயரும் அடிபடுகிறது. இவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று பழம் போகும். உரித்துச் சாப்பிடு என்று கொடுத்தால் ஒன்றோடு எழுந்துவிடுவார். அதனால் இவருக்கு டம்ளர் கிடையாது, தட்டுதான்.

மே 6, செவ்வாய்

கீழ்வீட்டு அண்ணன் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். அத்தை மனசு கேட்காமல் ஒரு டம்ளர் பப்பாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். "தம்பி, வாடிப் போய் வந்திருக்கே, இத குடி." அண்ணிதான் பாதியில் நிறுத்தி, "வேணாம்த்தை, அவருக்கு ஆகாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். மேலே வந்ததும் சொன்னேன்: சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குப் பழத்தில் உள்ள பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிடும், கூடிப்போனால் இதயத் துடிப்பையே குழப்பும். இளநீரும் அப்படித்தான். நட்சத்திரப் பழம் என்று ஐந்து முனையோடு ஒன்று வருமே, அது அவர்களுக்கு விஷம் மாதிரி. இயற்கையானது, யாருக்கும் ஒன்றும் செய்யாது என்று நினைத்து எதையும் நீட்டிவிட முடியாது.

"அப்ப அவனுக்கு இன்னாதான் குடுக்கறது?"

அதை அவருடைய டாக்டர் சொல்வார். நாம் போய்ப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றேன். மாலையில் அத்தை கீழே போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறி இறங்கியதை நடைக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

இரும்பு மாத்திரையை அத்தை இத்தனை நாள் டீயில்தான் முழுங்கியிருக்கிறார்! டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும். வைட்டமின் சி அதற்கு நேர்மாறு, எடுத்துக்கொள்ள உதவும். இன்று முதல் மாத்திரைக்குச் சாத்துக்குடி. டீ ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி.

சாத்துக்குடியைப் பிழிவதைவிடச் சுளையாக அரைப்பது நல்லது. தோலுக்கும் சுளைக்கும் நடுவில் உள்ள வெள்ளையைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, விதையை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டு அரைக்கணும். விதை அரைபட்டால் கசப்பு நாக்கைவிட்டுப் போகாது. விதை இல்லாமல் பிழிந்த சாறும் வைத்திருந்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும். காலையில் போட்டு பிரிட்ஜில் வைத்து மாலையில் குடிக்கிற பழமல்ல இது.

வயிறு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றில்லாமல் தினமும் போகிறதாம். பப்பாளியா, தண்ணீரா, கீழ்வீட்டுக்கு ஏறி இறங்கியதா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இன்று காலை மின்சாரம் இல்லை. பப்பாளியைப் பாதியாக வெட்டி ஸ்பூனைக் கையில் கொடுத்தேன். பல்லே வேண்டியிருக்கவில்லை. "இத மொதல்லயே இப்பிடிக் குடுத்திருக்கலாமே, மிக்ஸி கழுவுற வேலை மிச்சம்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மே 11, ஞாயிறு

மாம்பழம் குவிந்துவிட்டது. பங்கனப்பள்ளி, செந்தூரா, அங்கங்கே இமாம் பசந்த். மேலே மஞ்சள் பூசியதுபோல் ஒரே சீராக இருந்து, காம்படியில் மூக்கை வைத்தால் வாசனையே இல்லாதவற்றை நான் எடுப்பதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு இந்த நாட்டில் தடை. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம். எத்திலீன் வாயு வைப்பதற்கு அளவோடு அனுமதி உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுவேன்.

ஐஸ் போடு என்று பையன் நச்சரிக்கிறான். வீட்டு பிரிட்ஜ் ஐஸ் என்றால் சரி, தண்ணீர் நம்முடையது. தெருவில் ஜூஸ் வாங்குவதானால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காசிமேட்டில் படகில் மீன் அடுக்க உடைக்கிற ஐஸ் பாரை அவன் நேரிலேயே பார்த்திருக்கிறான். அது குடிக்கிற தண்ணீரில் செய்ததில்லை. தள்ளுவண்டியில் இருப்பது எந்த ஐஸ் என்று நமக்கு எப்படித் தெரியும்? பழத்தையே முதல்நாள் இரவு பிரிட்ஜில் வைத்துவிட்டால் ஐஸே தேவைப்படாது.

மாம்பழ ஜூஸ் அத்தைக்கும் பையனுக்கும் ஆளுக்கு அரை டம்ளர், தோல் ஒட்டின சதையைச் சுரண்டிப் போட்டு, பால் இல்லாமல். அதிகம் குடித்தால் பையனுக்கு வயிறு உப்பும். இவர் கிச்சன் வாசலில் வந்து நின்றார். இரண்டு கதுப்பு தட்டில் வைத்துக் கொடுத்தேன். கொட்டையைக் கேட்டார். கொட்டையைப் பையன் எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் ஆகிவிட்டது.