வெள்ளெழுத்து: தள்ளிப்போட்டு லாபமில்லை

நாற்பதைத் தாண்டியதும் பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்களா? வெள்ளெழுத்துதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு விறைத்துப்போகிறது; கிட்டத்தில் பார்க்கும்போது முன்போல் உப்பிக் கொடுக்காது. ‘கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்’ என்பது வெறும் பேச்சு. போடாவிட்டாலும் ஏறும். 40-45 வயதில் பொதுவாக +1.00, அறுபது வாக்கில் +2.50 வரை.

பிளாட்பாரக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர். உங்கள் கண்கள் அப்படி இல்லையென்றால் தலைவலிதான் மிச்சம்.

சர்க்கரை எகிறியிருக்கும்போது பவர் பார்க்காதீர்கள். லென்ஸில் நீர் கோத்து அளவு மாறியிருக்கும். சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடி பொருந்தாது.

அறுபதுக்கு மேல் திடீரென்று கண்ணாடியில்லாமல் படிக்க முடிகிறதா? ரொம்பச் சந்தோஷப்படாதீர்கள். கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். தூரத்து பஸ் போர்டு மங்கியிருக்கிறதா பாருங்கள்.