கதூர் சாகிப்: நீர்க்குடம் சுமந்து வந்த பாதை

பஞ்சாபின் தரண் தாரண் மாவட்டத்தில், பியாஸ் ஆற்றுக்கு மேற்கே வயல்கள் சூழ அமைந்திருக்கிறது கதூர் சாகிப். சீக்கியர்களின் இரண்டாம் குருவான குரு அங்கத் தேவர் வாழ்ந்து, உபதேசித்து, 1552-இல் இறைவனடி சேர்ந்த கிராமம் இது. அமிர்தசரஸ் வரை செல்லும் நம்மவர்களில் பலர் பொற்கோயிலைத் தரிசித்ததும் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சிறிது தூரம் பயணம் செய்து இந்தத் தலத்தையும் தரிசிக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.

லேனா என்ற இயற்பெயர் கொண்ட அங்கத் தேவர், முன்பு அம்பிகையின் அடியார். ஆண்டுதோறும் அடியார் கூட்டத்தை ஜ்வாலாமுகி என்னும் அம்பிகைத் தலத்துக்கு அழைத்துச் சென்றவர். கர்த்தார்பூரில் குரு நானக்கைக் கண்டபின் அவருடைய தொண்டரானார். 1539-இல், தம் புதல்வர்கள் இருவர் இருந்தும், நானக் இவரையே அடுத்த குருவாக அமர்த்தினார்.

தலையைத் துணியால் மூடி, கால்களைக் கழுவிக்கொண்டு இவ்வூரின் முதன்மைக் குருத்வாராவான தர்பார் சாகிபுக்குள் சென்றோம். குருவின் திருமேனி எரியூட்டப்பட்ட இடத்தை அங்கீட்டா சாகிப் என்று போற்றுகிறார்கள். அதை வணங்கிவிட்டு, என் உள்ளம் உருகி நின்ற இடம் அதே வளாகத்தில் உள்ள, ஒரு நெசவாளியின் தறிக்குழியின் நினைவிடம். அதன் வரலாறு இது.

குரு அங்கத்தின் மகள் பீபி அம்ரோ, அமர்தாசர் என்பவரின் தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். விடியற்காலையில் அந்தப் பெண் பாடிய நானக்கின் பாடலைக் கேட்டுத்தான், கங்கைக்குப் பலமுறை யாத்திரை சென்றும் மனம் அமைதி பெறாத முதியவரான அமர்தாசர் கதூருக்கு வந்தார். சம்பந்தி முறையில், அதுவும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்; குருவைவிட 25 வயது மூத்தவர். அப்படிப்பட்டவர், குருவின் நீராடலுக்காக நள்ளிரவு கடந்ததும் எழுந்து, பியாஸ் ஆற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருவதை நாள் தவறாத தொண்டாக ஏற்றுப் பல ஆண்டுகள் செய்தார்.

மழை பெய்த ஓர் இரவில் தறிக்குழியின் முளையில் கால் இடறி அவர் விழுந்தார். ஆயினும் குடத்து நீர் சிந்தவில்லை. ஓசை கேட்டு நெசவாளி யாரென்று வினவ, "போக்கிடம் இல்லாத அந்த அமருதான், வேறு யார்?" என்றாளாம் அவன் மனைவி. செய்தி குருவின் செவிக்கு எட்டியது. இடமில்லாதவர்க்கு இடமும் புகலற்றவர்க்குப் புகலும் அமர்தாசரே என்று சபையில் கூறிய குரு, அவரையே மூன்றாம் குருவாக்கினார் என்பது மரபு. பக்தி வரலாறுகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வயதும் உறவுமுறையும் தரும் உயர்வை ஒருவர் இவ்வளவு முழுமையாக இறக்கிவைத்த வரலாறு எனக்கு அரிதாகவே தோன்றுகிறது.

எல்லோருக்கும் உணவளிக்கும் பொது அன்னசாலையான லங்கரில், குருவின் துணைவியார் மாதா கீவியை நினையாமல் உண்ண முடியவில்லை. அந்நாளில் இவ்வூரின் அன்னசாலையைப் பேணிய அவரைத் தழைத்த நிழல் தரும் மரமாகவும், அவர் வழங்கிய நெய் கலந்த பாயசத்தை அமுதமாகவும் சீக்கியர்களின் மறைநூலான குரு கிரந்த் சாகிப் பாடுகிறது. வரிசையாகத் தரையில் அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி ரொட்டியைப் பெற்றுக்கொண்டோம். அருகில் அமர்ந்திருப்பவர் யார், எவர் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

மல் அகாடா என்ற குருத்வாராவையும் தவறவிடக் கூடாது. பஞ்சாபி மொழியை எழுதும் குர்முகி எழுத்துக்குச் செம்மையான வடிவம் தந்த அங்கத் தேவர், சிறுவர்களுக்கு அதைக் கற்பித்ததும் மல்யுத்தப் பயிற்சி அளித்ததும் அங்கேதான் என்கிறார்கள்.

அன்று பிற்பகல் பியாஸ் கரையிலுள்ள கோயிந்த்வாலுக்குப் புறப்பட்டோம். குருவான பின் அமர்தாசர் அங்கே சாதி வேறுபாடின்றி எல்லோரும் இறங்கி நீர் எடுக்கும்படி 84 படிகள் கொண்ட பெரும் கிணற்றை அமைத்தார். ஒவ்வொரு படியிலும் குரு நானக்கின் ஜப்ஜி சாகிப் என்ற பாடலை ஒருமுறை முழுதாக ஓதி நீராடுவதை விரதமாகக் கொண்ட அடியார்கள், ஈர உடையுடன் அந்தப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.