14 மில்லிமீட்டர் பலகையில் மரம் எவ்வளவு?

இன்ஜினியர்டு வுட் தரை, அதாவது பிளைவுட்டின் மேல் அசல் மரம் ஒட்டிய பலகைத் தரை, போட்டு முடித்து ஒரு வாரம் ஆகிறது. தரை அருமையாக வந்திருக்கிறது. ஆனால் முதல் கடையில் கட்டிய முன்பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அங்கே நான் கேட்டது, பலகை எத்தனை மில்லிமீட்டர் என்று. 14 என்றார்கள். விலையும் கட்டுப்படியாகிற மாதிரி இருந்தது. லேமினேட் இல்லையே என்று இரண்டு முறை கேட்டேன். "அசல் ஓக் மரம்தான்" என்றார் கடைக்காரர். அது பொய்யில்லை. லேமினேட்டின் மேல் இருப்பது மரத்தின் படம் அச்சடித்த தாள். இதில் மரமே இருந்தது. எவ்வளவு கனத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பணம் கட்டிவிட்டு, சாம்பிள் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். அடியில் பிளைவுட், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். உச்சியில் மட்டும் வேறு நிறத்தில் மெல்லிய கோடு. அளந்தால் 0.6 மில்லிமீட்டர்! தரையை ஒருமுறை இழைத்துப் புதுசாக்கினாலே அரை மில்லிமீட்டராவது போய்விடும். அப்புறம் பிளைவுட்தான் தெரியும்.

மறுநாளே ஓடினேன். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது'. அரை மணி நேரம் வாதாடியும் நடக்கவில்லை. கடைசியில், எப்படியும் தேவைப்படும் அடிவிரிப்பு ஃபோமையும் சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைகளையும் அந்தக் கணக்கில் வாங்கிக்கொண்டேன். முன்பணத்தில் பாதிக்குமேல் தேறியது. தயவுசெய்து, பலகையின் குறுக்குவெட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அடுத்த கடையில், மேலே இருக்கும் மர அடுக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்று முடிவுசெய்தால் விலை எகிறியது. அங்கேதான் 'ரஸ்டிக் கிரேடு' கைகொடுத்தது. அதே ஓக், அதே கனம்; முடிச்சுகளும் நிற வேறுபாடும் இருப்பதால் விலை குறைவு. உறுதியில் குறை இல்லை. முடிச்சை நிரப்பிய இடத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், நகத்தில் தட்டுப்படக் கூடாது. பெட்டியில், பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவுக்கான 'ஈ1' (E1) குறியும் இருக்கிறதா பாருங்கள். வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்து வாங்கினேன்.

சரக்கு வந்த அன்று டிரைவருக்கு ஒரே அவசரம். "கையெழுத்துப் போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் பேட்ச் எண் வேறு. பிரித்தால் பலகைகள் மஞ்சள் தூக்கலாக இருந்தன. அப்போதே திருப்பி அனுப்பினேன். தரையில் பதித்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் மாற்றித் தர மாட்டார்.

அடுத்தது சிமெண்ட் தளம். காய்ந்துவிட்டது என்று தச்சர் சாதித்தார். பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விட்டேன். உரித்தால் அடியில் முத்து முத்தாக நீர். மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். அப்புறம் பெட்டிகளை அதே அறையில் மூன்று நாள் கிடத்தி வைத்து, சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டே நாளில் போட்டு முடித்தார்கள்.

சேதாரம் போக ஒரு பெட்டி மிச்சம். பிறகு தேடினால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம் என்பதால், பேட்ச் எண் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.