இரண்டு கட்டிச் சவர்க்காரம்

பிறநாட்டில் செய்த திருச்சபைத் தொண்டைப் பற்றி இம்மலருக்கு எழுதித் தருமாறு நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். அங்கே நான் பிரசங்கம் செய்யவில்லை, எவரையும் குணப்படுத்தவில்லை, பள்ளிக்கூடம் எதையும் கட்டவுமில்லை. 2015ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை பத்து வாரங்கள், மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலுள்ள தோமசினா துறைமுகத்தில் நின்ற மருத்துவக் கப்பலொன்றில் பாத்திரம் கழுவினேன். சொல்வதற்கு இருப்பது அவ்வளவுதான்.

கப்பலின் பெயர் 'ஆப்பிரிக்கா மெர்சி'. ஒருகாலத்தில் டென்மார்க்கில் புகையிரதங்களை ஏற்றிக் கடல் கடத்திய அதனை, 1978இல் தொடங்கப்பட்ட 'மெர்சி ஷிப்ஸ்' என்னும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் வாங்கி, ஐந்து சத்திரசிகிச்சைக் கூடங்கள் கொண்ட மருத்துவமனையாக மாற்றி, 2007இல் சேவைக்கு விட்டது. மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டிய அக்கப்பல், அங்கே எபோலா பரவியமையால் 2014இன் இறுதியில் மடகாஸ்கருக்கு வந்திருந்தது. உதடு பிளந்து பிறந்த குழந்தைகள், முகத்தில் பெருங்கட்டி வளர்ந்து ஊராரின் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்ந்தவர்கள், பிரசவ வேதனை நாட்கணக்கில் நீண்டதால் உட்புறம் கிழிந்து ஓயாத சிறுநீர்க் கசிவோடு ஒதுக்கப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு அங்கே கட்டணமின்றிச் சிகிச்சை நடந்தது. கப்பலில் ஏறத்தாழ நானூறு பேர் இருந்தோம். சத்திரசிகிச்சை நிபுணர் முதல் என்னைப் போன்றவர் வரை தொண்டர்களாய் வந்த எவருக்கும் சம்பளமில்லை என்பது மட்டுமன்று, தங்குவதற்கும் உண்பதற்கும் அவரவரே பணம் கட்டவும் வேண்டியிருந்தது. இதைக் கேட்ட என் தம்பி, "காசு கட்டிக் கோப்பை கழுவப் போகிறீர்களா அண்ணா?" என்றான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்காளராக இருந்தவன் நான். ஆகவே கணக்குப் பிரிவில்தான் வைப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அங்கே இடமில்லை என்றார்கள். சமையற்கட்டை அடுத்த கழுவுமிடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வேளையும் தட்டுகள் மலைபோல் வந்து குவியும். எச்சிலை வழித்து, பீங்கான்களைக் கூடையில் அடுக்கி, கழுவும் பொறிக்குள் தள்ளி, மறுபக்கம் ஆவியோடு வெளிவருவதைக் கை சுடச்சுட எடுத்து வைக்க வேண்டும். பொறிக்குள் அடங்காத பெருஞ்சட்டிகளைக் கையால் தேய்க்க வேண்டும். மழைக்காலத்துப் புழுக்கம் வேறு. முதல் வாரம் முழுவதும், வேறு பிரிவுக்கு எப்போது மாற்றுவார்கள் என்ற கேள்வியோடுதான் நித்திரைக்குப் போனேன்.

கழுவுமிடத்தில் என்னோடு நின்றவர், அவ்வூரிலிருந்து நாட்சம்பளத்துக்கு வந்த இளம்பெண் ஒருவர். அவர் என்னை 'தாதாபே' என்று அழைத்தார். மலகாசி மொழியில் அதற்குப் பாட்டனார் என்று பொருள். தாத்தா என்ற நம் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பதாலோ என்னவோ, அழைத்த முதல் நாளே மனத்தில் ஒட்டிக்கொண்டது. கழுவி முடித்த குவளைகளை அவர் ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பார். மங்கலாகத் தெரிந்தால் பேசாமல் என் பக்கம் திருப்பி வைப்பார். நம் பாடசாலை விடுதியில் இருந்தவர்களுக்கு இது புதிதன்று. சாப்பாடு முடிந்ததும் குழாயடியில் நாம் கழுவிய தட்டுகளை விடுதிப் பொறுப்பாசிரியர் இப்படித்தான் தூக்கிப் பார்ப்பார். அன்று அதை நாங்கள் அற்பத்தனம் என்று கேலி செய்தோம்.

இத்தகைய பயணங்களைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் மட்டுமே உண்டு என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு விமானமேறிப் போய், அவ்வூர்த் தச்சனுக்கும் கொத்தனுக்கும் கூலி கிடைத்திருக்கக்கூடிய வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்துவிட்டுப் படத்தோடு திரும்புவதில் தொண்டைவிடச் சுற்றுலாவே மிகுதி. கப்பலில் நான் கற்றுக் கொடுக்க வந்தவனல்லன். தொழில் தெரிந்த ஒருவரின் கீழ் நின்றவன். இந்த வேறுபாடு எனக்குப் புரியவே மூன்று வாரம் எடுத்தது.

தோமசினாவுக்குப் பழைய கதையொன்று உண்டு. 1818இல் லண்டன் மிஷன் சங்கத்தின் வேல்ஸ் நாட்டுப் போதகர்களான டேவிட் ஜோன்ஸ், தோமஸ் பெவன் ஆகிய இருவரும் வந்திறங்கியது இக்கரையில்தான். சில மாதங்களுக்குள் காய்ச்சல் பெவனையும் அவருடைய மனைவியையும் குழந்தையையும், ஜோன்ஸின் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. தனித்து எஞ்சிய ஜோன்ஸ் 1820இல் திரும்பி வந்து, தலைநகரான அந்தனனரிவோவில் மூன்றே மாணவரோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். மிஷனரிகள் தொடங்கிய பாடசாலையில் படித்த நமக்கு அந்த மூன்று என்ற எண் மனத்தை அசைக்கும். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர் ஜோன்ஸ் அல்லர். 1826இல் அங்கு சென்ற ஜேம்ஸ் கமரன் என்ற ஸ்கொட்லாந்துத் தச்சர். பின்னர் ஆட்சிக்கு வந்த அரசி ரணவலோனா, போதகர்களின் போதனையில் நாட்டமில்லாமல், உள்நாட்டுப் பொருள்களைக்கொண்டு சவர்க்காரம் செய்ய உங்களால் முடியுமா என்று கேட்டனுப்பினாராம். சில நாட்களில் கமரன் இரண்டு சிறு கட்டிகளைச் செய்து கொடுத்தார். அதனால் மிஷன் மேலும் சில ஆண்டுகள் அங்கே தரித்து நிற்க முடிந்தது. அந்த ஆண்டுகளுக்குள்தான் மலகாசி வேதாகமம் 1835இல் முழுமையாக அச்சேறியது. அதே ஆண்டில் கிறிஸ்தவ மதமும் அங்கே தடைசெய்யப்பட்டது. கப்பல் நூலகத்தில் இதைப் படித்துவிட்டு மாலைப் பணிக்கு இறங்கிய நாளில், தொட்டியில் நுரை பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். குவளைகள் திரும்பி வந்த பிறகே கை அசைந்தது.

ஆறாம் வாரத்தில், கணக்குப் பிரிவில் ஓரிடம் வெறுமையாகியிருக்கிறது, வருகிறீர்களா என்று அழைத்தார்கள். மாலைப் பணிக்கு என் இடத்தில் யார் நிற்பார் என்று கேட்டேன். இன்னும் எவருமில்லை என்றார்கள். நான் போகவில்லை. இதைத் தியாகம் என்று எவரும் எழுதிவிடக் கூடாது. அன்று பிற்பகல்தான், சிகிச்சை முடிந்த பெண்கள் சிலர் புத்தாடை உடுத்துப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டதைக் கண்டிருந்தேன். அவர்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் இரவு ஒன்பது மணிக்கு வந்து, தமக்காக மூடி வைத்திருந்த உணவை நின்றபடியே உண்டு, தட்டைத் தாமே வழித்து என் கையில் தந்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு காலையில் சுத்தமாக அடுக்கில் இருக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருந்தேன். தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில் அன்றிரவு கிடைத்தது; ஆனால் இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

கடைசி இரவு, வழக்கத்தைவிடக் கவனமாகவே கழுவினேன். அப்பெண் குவளைகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இறுதி வரிசையில் ஒன்றைத் தனியே எடுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னும் ஒருமுறை, தாதாபே."