பின்வளவில் நான்கு மீட்டர் காணி

லண்டனில் எங்கள் வீட்டுப் பின்வளவு ரயில் பாதை மேட்டோடு முடிகிறது. எங்கள் மரவேலிக்கும் ரயில் பாதைக்காரரின் இரும்பு வேலிக்கும் நடுவில் 7.5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு துண்டுக் காணி முள்ளுப்பற்றை மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் காணி அளக்கும் 'பரப்பு'க் கணக்கில், ஒரு பரப்பின் எட்டில் ஒரு பங்குகூட வராது. அம்மா குசினி யன்னலால் பார்த்து, "உவ்வளவு நிலத்தைச் சும்மா விட்டிருக்கிறாங்களே தம்பி" என்று ஒவ்வொரு நாளும் சொல்வா.

தெரிந்தவர்கள் சிலர், "ஆர் பார்க்கப்போகினம், வேலியைத் தள்ளிப் போடு" என்றார்கள். எல்லைவேலிக் கதியாலை அரக்கி நட்டதால் அண்ணன் தம்பி கதைபேச்சு இல்லாமல் போன வீடுகளை யாழ்ப்பாணத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். முறைப்படி எழுதி வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

2019 செப்டம்பரில் இங்கத்தைய காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் மூன்று பவுண்ஸ் கட்டி, காணி யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்தேன். ஒரு பொதுப் போக்குவரத்து அமைப்பின் பெயர் வந்தது. அவர்களின் சொத்துப் பிரிவுக்கு எழுதினேன். நாலு மாதம் பதில் இல்லை. பிறகு வந்த பதிலும், பொறியியல் பிரிவு பார்த்த பின்தான் எதுவும் சொல்லலாம் என்றது. நியாயமான காரணம்தான். நிலத்துக்குக் கீழே சிக்னல் கேபிள் போகலாம், மேட்டிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் இருக்கலாம், பழுது பார்க்க ஆட்கள் இறங்கும் வழியாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் கடிதம் போட்டார்கள். ரயில் பாதைக்காக எடுத்து மிஞ்சிய காணியை விற்கும்போது, அது நகரத்துக் காணியாக இல்லாவிட்டால், முன்பு அது எந்தக் காணியிலிருந்து பிரிக்கப்பட்டதோ அந்தக் காணியின் இப்போதைய சொந்தக்காரரிடமும், அதன்பின் எல்லைக்காரரிடமும் முதலில் கேட்கவேண்டும் என்று 1845ஆம் ஆண்டுச் சட்டமொன்று இங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், காணி விற்கும்போது முதலில் வாங்கப் பங்காளிக்குள்ள உரிமை மாதிரி. நகரத்தில் இருக்கிற எனக்கு அது உதவவில்லை. ஆனாலும் எல்லைக்காரரிடம் கேட்கும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. அடுத்த வீட்டு வயதான அம்மா தனக்கு வேண்டாம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தா.

விலை 6,000 பவுண்ஸ் என்றார்கள். அவர்களுடைய மதிப்பீட்டாளர், சொலிசிட்டர் (சட்டத்தரணி) கட்டணமும் என் தலையில். என் சொலிசிட்டரையும் சேர்க்க, மொத்தம் பத்தாயிரத்தைத் தாண்டியது. காணி விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு இறங்காதீர்கள்.

இனி வரைபடம். இதை இரண்டு தரம் வாசியுங்கள். அவர்கள் அனுப்பியது 1:1250 அளவுத்திட்டப் படம். அதில் என் 4 மீட்டர் வெறும் 3.2 மில்லிமீட்டர். சிவப்புக் கோட்டின் தடிப்பே ஒரு மில்லிமீட்டர், அதாவது நிலத்தில் ஒன்றேகால் மீட்டர். எல்லை கோட்டின் உள்விளிம்பா, வெளிவிளிம்பா என்று எங்கும் எழுதவில்லை. என் சொலிசிட்டர், "எல்லாம் சரி, கையெழுத்து வையுங்கள்" என்றார். மனம் கேட்கவில்லை. மகளை அளவு ரேப்பின் ஒரு நுனியில் நிற்கவைத்து, கை கால் கிழியப் பற்றைக்குள் இறங்கி அளந்தேன். படத்தின்படி இரும்பு வேலிப் பக்கம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் எனக்கு வராது. காசு கட்டப்போவது முழு நாலு மீட்டருக்கு! படம் எடுத்து, அளவுகளைக் குறித்து அனுப்பினேன். 1:200இல், ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் எழுதிய புதுப் படம் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்துக்காக நான் கவலைப்படவில்லை.

நிபந்தனைகள் இரண்டு பக்கம். கட்டடம் கட்டக்கூடாது, தண்டவாளத்தில் இலை கொட்டும் பெரிய மரம் வைக்கக்கூடாது, வேலி என் செலவு, ஆட்கள் வந்தால் வழிவிடவேண்டும், சத்தம் அதிர்வு என்று முறைப்பாடு செய்யக்கூடாது. பின்னாளில் கட்டட அனுமதி கிடைத்து மதிப்புக் கூடினால் அதில் ஒரு பங்கு அவர்களுக்கு. இந்தக் கடைசி நிபந்தனைக்குக் காலவரையே இல்லாமல் இருந்தது. எழுதிக் கேட்டபிறகு 25 வருடம் என்று மாற்றினார்கள். கேட்டால்தான் மாற்றுவார்கள்.

மிச்சம் சுருக்கம். முழுக் காணியில் ஒரு பகுதியைப் பிரித்து எழுதுவதால் டிபி1 (TP1) என்ற படிவம். விலை 40,000 பவுண்ஸுக்குக் குறைவு என்பதால் முத்திரை வரிப் படிவம் தேவைப்படவில்லை. வாங்கியதாலேயே அது வீட்டுத்தோட்டம் ஆகிவிடாது, பாவனை மாற்றத்துக்குக் கவுன்சிலிடம் தனி அனுமதி எடுக்கவேண்டும். துண்டுக் காணிக்கு வேறு பதிவு இலக்கம் வரும். வீட்டை விற்கும்போது இரண்டையும் சேர்த்து எழுத மறக்கவேண்டாம்.

2021 பெப்ரவரியில் பதிவு முடிந்தது. ரயில் பாதை ஓரத்து மண்ணில் கரிச் சாம்பலும் களைகொல்லியும் இருக்கும் என்பதால், அதில் நேரே ஒன்றும் நடவில்லை. பலகையடித்துத் தொட்டி கட்டி, புது மண் நிரப்பினோம். யூலையில் அம்மா முதல் கீரையை ஆய்ந்து இரண்டு பிடியாகக் கட்டினா. ஒரு பிடி குசினிக்கு, மற்றது வேண்டாம் என்று எழுதித் தந்த அந்த அடுத்த வீட்டு அம்மாவுக்கு.