ரேம்ப் இருக்கிறது

நவம்பர் 6, 2024, புதன்

கடிதம் வந்துவிட்டது. நேர்காணலுக்கு நேரில் வர வேண்டும், இந்த மாதத்துக்குள். இல்லையென்றால் என் மாற்றுத்திறனாளி பென்ஷன் நிற்கும். அம்மா அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அப்பாவின் காகிதமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நவம்பர் 9, சனி

நேற்று உச்ச நீதிமன்றத்தில் ராஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பு. பார்வையற்ற மனிதர், 2005இல் போட்ட வழக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கான 2017 விதிகளில் 15ஆவது விதி செல்லாதாம். கட்டடம், பேருந்து, இணையதளம் எல்லாவற்றுக்குமான தரங்களை அது வெறும் பரிந்துரையாக விட்டு வைத்திருந்தது. கட்டாயம் செய்தே ஆக வேண்டியவை எவை என்று மத்திய அரசு மூன்று மாதத்தில் வகுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் என்றால் பிப்ரவரி. பழைய அரசுக் கட்டடங்களைச் சரிசெய்ய அந்த 2016 சட்டம் கொடுத்த ஐந்து வருஷம் 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது, யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. ஆனாலும் செய்தியை முழுக்கப் படித்தேன், அப்புறம் இன்னொரு தடவை படித்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. அந்த ஆபீஸுக்குப் போவதென்றால் அப்படித்தான். ஆட்டோ அண்ணன் எட்டரைக்கே வந்துவிட்டார்.

ரேம்ப் இருக்கிறது. பளபளவென்று ஸ்டீல் கைப்பிடி, நீல போர்டு, போர்டுக்குக் கீழே வரிசையாகப் பைக்குகள். பைக்குகளை நகர்த்திய பிறகுதான் ஏற்றம் தெரிந்தது. தரை மட்டத்திலிருந்து வாசல் 2 அடி உயரம். ஓர் அடி ஏறுவதற்கு 12 அடி நீளம் என்பது கணக்கு, ஆக 24 அடி வேண்டும். அங்கே இருப்பது 7 அடி. அதிலும் வழுவழு டைல்ஸ். அண்ணன் பின்னாலிருந்து தம் பிடித்துத் தள்ளியும் வீல்சேரின் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. தப்பித் தவறி மேலே போனாலும் முடிகிற இடத்தில் 4 அங்குலத்துக்கு ஒரு வாசற்படி. அதை யார், என்ன நினைத்து விட்டார்களோ.

"நாலு பேர் வாங்கப்பா, தூக்கி விட்டுடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்குளுக்கடியில் ஒரு கை. வேணாம் சார் என்றேன். "இதுல என்னம்மா கூச்சம், உங்க அப்பா மாதிரி நினைச்சுக்க." துப்பட்டாவைச் சரிசெய்யக்கூட ஒரு கை மிச்சமில்லை, இரண்டாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் சத்தம் போட்டு விலக்கினார்.

அப்புறம் கிளார்க் கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேப்பமரத்தடியில் நின்றபடியே என் ஃபைலைப் பிரித்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார்: எத்தனை சதவீதம், கல்யாணம் ஆகவில்லை, வேறு வருமானம் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில், கைரேகை வைக்கிற மெஷின் மேலேதான் இருக்கிறது, கீழே கொண்டுவர ஒயர் எட்டாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துடைப்பம், ஃபினாயில் கேன், கயிறு கட்டிய பழைய ரெஜிஸ்டர்கள்.

நவம்பர் 14

உட்காருகிற இடத்தில் இடது பக்கம் சிவந்திருக்கிறது, விட்டால் அழுத்தப்புண். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தோல் கிழியவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மனுநாள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். போனுக்கு மனு எண் வந்துவிட்டது. சட்டப் பிரிவு 45, 89 இரண்டையும் எழுதியிருக்கிறேன். 45 என்பது பழைய கட்டடங்களைச் சரிசெய்வது. 89 என்பது அபராதம்: முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அதன் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை. "இதெல்லாம் எழுதணுமாடி, கோவிச்சுக்கப் போறாங்க" என்கிறாள் அம்மா.

நவம்பர் 22

ஜிப்மர் போய்விட்டுத் திரும்பும்போது புதுச்சேரி பீச் ரோடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து நானே உருட்டிக்கொண்டு போனேன். யாரும் தள்ளட்டுமா என்று கேட்கவில்லை. சுண்டல் வாங்கினேன். தண்ணீரும் குடித்தேன், வேண்டிய மட்டும்.

நவம்பர் 24

சிவப்பு குறைந்திருக்கிறது.

நவம்பர் 30, சனி

புயல் இன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்குமாம். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. மாதம் முடிந்தது, நேர்காணல் முடியவில்லை. வீல்சேர் குஷன் நனையாமல் பாலித்தீன் சுற்றி பீரோ மேல் வைத்திருக்கிறோம். அது இல்லாமல் கட்டிலிலேயே கிடக்கிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி திறந்திருக்கிறார்களாம். தென்பெண்ணை ஏறி, தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். "அக்கா, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லுங்க." முட்டிக்குக் கீழே ஒரு கை, முதுகில் ஒரு கை, கழுத்தைப் பிடிக்காதே என்றேன். அப்படியே செய்தார்கள். இப்போது பெரியப்பா வீட்டு மாடி. சேர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பேரிடர் நேரத்துக்காக மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தில், 8ஆவது பிரிவில் இருக்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "முதல்ல சாப்பிடு" என்றார்.

டிசம்பர் 3

இன்று நம்ம தினம், மாற்றுத்திறனாளிகள் தினம். வாட்ஸ்அப்பில் பூங்கொத்துப் படமாக வந்து குவிகிறது. மாடியில் பாத்ரூம் கதவு 24 அங்குலம். சேர் இருந்தாலும் நுழையாது.

டிசம்பர் 5

வீட்டில் சேறு. சேர் மீண்டது, பேரிங்கில்தான் மணல். குஷன் தப்பித்தது.

டிசம்பர் 9, திங்கள்

மனுவுக்குப் பதில்: "சாய்தளம் ஏற்கனவே அமைக்கப்பட்டுள்ளது. மனு முடித்து வைக்கப்பட்டது."

டிசம்பர் 10

ராத்திரி தூக்கமில்லை. இருக்கிறது என்பது பொய்யா என்றால், பொய்யில்லை. போட்டோ எடுத்தால் அழகாகவே வரும். ஆட்டோ அண்ணனை அனுப்பி, டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். நீளம் ஒன்று, உயரம் ஒன்று, மேலே இருக்கிற அந்தப் படி ஒன்று.

டிசம்பர் 11, புதன்

கிளார்க் போன் செய்தார். மெஷினை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வருகிறார்களாம், புயலால் தேதியும் நீட்டித்தாயிற்றாம். போனை வாங்கி அம்மாவே சரி சொல்லிவிட்டாள். வீட்டில் காசு இல்லை, சேறு வாரியவர்களுக்குக் கூலி பாக்கி, அவள் வேறென்ன சொல்வாள்.

"வீட்டுக்கே வராங்கன்னா உனக்கு ரேம்ப் எதுக்கு?" என்று பெரியப்பா கேட்கிறார். அந்த ஆபீஸிலும் இனி அதையேதான் கேட்பார்கள். என் மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்த வேப்பமரத்தடியில் நின்று ஃபைலைப் படிக்கக் கேட்டிருப்பார்கள், எல்லார் வீட்டுக்குமா மெஷின் போகும்?

புது மனு எழுதி, மூன்று போட்டோவையும் இணைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறவர் கையிலேயே கொடுத்தால் வாங்குவாரா? வாங்கினாலும் ரசீது தருவாரா?