ஏழாம் தேதி

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்

சம்பளம் போட்டாயிற்று, 412 பேருக்கும்.

அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு இன்று முதல் 25 சதவீதம் கூடுதல் வரி. 27-ம் தேதியிலிருந்து மேலும் 25. நாம் அனுப்பும் ஷூவுக்கு ஏற்கெனவே உள்ள வரி இதில் சேராது. காலையிலிருந்து போனைக் கீழே வைக்க முடியவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது ஒன்றுதான். "சம்பளம் போட்டியா?" போட்டேன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். வரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

27-ம் தேதிக்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கத்தைத் தாண்டிவிட்டால் இரண்டாவது 25 கிடையாது. ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தோம். அப்புறம் ஷிப்பிங் ஏஜென்ட் நாள் கணக்குச் சொன்னார். சென்னையிலிருந்து கொழும்பு, அங்கே கப்பல் மாற்றி நியூயார்க். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அடுத்த கப்பலைப் பிடித்தாலும் தேதி தாண்டிவிடும். விமானத்தில் போட்டால் லாபம் போய்க் கைக்காசும் போகும். 4,600 ஜோடி பெட்டி கட்டித் தயாராக நிற்கிறது.

ஆகஸ்ட் 10

மூன்று மணிக்கு விழிப்பு. 4,600.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதின்மூன்று வாரத்துக்கான பணவரவுக் கணக்கை ஃபைனான்ஸ் மேனேஜர் எடுத்து வந்தார். குடோனில் நிற்கும் சரக்கின்மேல் பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிக்காக வாங்கிய வங்கிக் கடன், வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்பதாவது வாரம் சிவப்பு, கையில் பணம் இருக்காது. "சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம் சார்" என்றார். சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போனால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். கேட்கிற தைரியம் எந்தச் சின்ன சப்ளையருக்கும் வராது. அந்த நினைப்பில்தான் எல்லோரும் இழுக்கிறார்கள். நமக்கு அட்டைப்பெட்டி செய்பவர் பேரணாம்பட்டில் ஒரு ஷெட்டில், மனைவியும் தம்பியும் சேர்ந்து ஒட்டுகிறார்கள். என் ஒன்பதாவது வாரம் அவருக்கு இந்த வாரமே வந்துவிடும். வேண்டாம் என்றேன். அப்படியானால் பணம் எங்கிருந்து என்று கேட்டார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றினேன். லட்டு கொடுத்தோம். இன்று எல்லோரிடமும் நிலைமையைச் சொல்லிவிடுவதாக இருந்தேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் பேச்சு: "மூடப் போறாங்களாம்." சொல்லாமல் விட்டு மூன்று நாள்தான் ஆகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பள்ளிகொண்டா டோல்கேட்டில் நிற்கும்போதே தீர்மானித்துவிட்டேன். ஆம்பூர் வந்ததும் கேன்டீனில் எல்லோரையும் கூட்டச் சொன்னேன். அக்டோபர் வரை ஆர்டர் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கே தெரியாது, தெரிந்த அன்றே வந்து சொல்வேன், ஏழாம் தேதி மாறாது. இவ்வளவுதான் சொன்னேன். தையல் பிரிவில் ஒரு அம்மா எழுந்தார். "ஓவர்டைம் இருக்குமா சார்?"

"இருக்காதும்மா."

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா சீட்டுல சேர்ந்திருக்க மாட்டேன் சார்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கணினி, வங்கி, இத்தனை ஆலோசகர்கள் என்று எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு லட்டுக்காகப் பேச்சை நிறுத்தினேன். மாதம் இரண்டாயிரமாவது கட்ட வேண்டியிருக்கும் அவருக்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டிங் மிஷின் இன்னும் தார்ப்பாயின் கீழ். டெர்ம் லோன் வாங்கி ஜூனில் வந்தது. திருப்பி அனுப்பிவிடலாமா என்று பத்து நாளாக யோசனை. இன்று டெக்னீஷியன் பிரித்து ஓட்டிக் காட்டினார். ஒரு முழுத் தோலை விரித்தோம். மேலே கேமரா படம் எடுத்தது. கட்டிங் மேஸ்திரி வெள்ளிப் பேனாவால் உண்ணிக்கடித் தழும்பு, முள் கீறல், சூட்டுக் குறி எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டங்களை விட்டு மீதி இடத்தில் திரை ஒவ்வொரு துண்டாக அடுக்கியது. ஷூவில் தோலுக்குத்தான் பெரிய செலவு. நூறு சதுர அடியில் மூன்று அடி மிச்சமானது. எனக்கு மனசு துள்ளியது.

மேஸ்திரி வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தார். "இது வயித்துப் பக்கம் மொதலாளி. முன்பக்கத்துக்கு வெச்சிருக்குது பாருங்க. போட்டு நடந்தா நீண்டுடும். கேமராவுக்கு இழுவை தெரியாது." இழுத்துப் பார்த்தேன். ரப்பர் மாதிரி வந்தது. "இடுப்புப் பக்கம், வயித்துப் பக்கம்னு நான் கோடு போட்டுத் தரேன். அப்புறம் வெட்டட்டும்."

மிஷின் இருக்கட்டும். இப்போது தோல் வெட்டும் பிரஸ்ஸில் நிற்கிற பதினான்கு பேரில் கோடு போட எத்தனை பேர் தேவைப்படும் என்று கேட்டேன். நாலு என்றார், தரையைப் பார்த்தபடி. மற்ற பத்துப் பேர்?

ஆகஸ்ட் 23

பத்துப் பேர்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. வீட்டில் கொழுக்கட்டை. வரி 50 ஆகிவிட்டது. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ஜி.எஸ்.டி. கவுன்சிலில் 2,500 ரூபாய் வரை உள்ள காலணிக்கு 5 சதவீதம் என்று முடிவு, 22-ம் தேதி முதல். உள்ளூர்ச் சந்தை என்று எல்லோரும் பேசுகிறார்கள். நம் லாஸ்ட், ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு, எல்லாம் அமெரிக்கக் காலுக்குச் செய்தவை. நம் ஊர்க் காலுக்கு முன்பக்கம் அகலம் வேண்டும். புது லாஸ்ட், வெட்டுவதற்குப் புது டை, கடைக்காரருக்குக் கடன். ஆனாலும் முப்பது மாடல் வரைந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பத்துப் பேரையும் சாம்பிள் ரூமுக்கு மாற்றினால்? மேஸ்திரியிடம் நாளை பேச வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

நாளை ஞாயிறு. அதனால் இன்றே சம்பளம். பெட்டிக்காரருக்கும் போய்விட்டது.

ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அப்பா எதுவும் கேட்கவில்லை. முகத்தில் மாஸ்க். காதருகே குனிந்து, "சம்பளம் போட்டுட்டேன்ப்பா" என்றேன். விரலை மட்டும் அசைத்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

நியூயார்க் பையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்தும் போன். முதலில் அங்கே போகிறேன்.